கிணறு வேலிக்கு எந்தப் பக்கம்?

1

அமெரிக்காவுக்குத் தன் நாட்டுக்கு வெளியே எத்தனை இராணுவத் தளங்கள் இருக்கின்றன என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். எதைத் தளம் என்று எண்ணுவது, எதை விருந்தாளி தங்கும் அறை என்று எண்ணாமல் விடுவது என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே தகராறு இருக்கிறதாம். செலவுக் கணக்கும் அப்படித்தான். அதைக் கூட்டத் தொடங்கியவர்கள் எல்லாம் நடுவழியில் களைத்துப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர்கள் வந்து தங்கப்போகிற இடங்களில் ஒன்று, என் சமையலறை யன்னலில் தெரிகிற ஊசியிலைக் காட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். விமானத்தளத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்த குற்றத்துக்காக யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவன், பாதி உலகம் சுற்றி டென்மார்க் வந்து, இன்னொரு விமானத்தளத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கியிருக்கிறான். புத்திசாலி என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். வீடு மலிவாக வந்தது. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. மனைவி கேட்டாள். தரகர் வானத்தைப் பார்த்து, இங்கே காற்று நல்ல சுத்தம் என்றார். அந்த நேரம் பார்த்து மேலே ஒன்றும் பறக்கவில்லை.

வேலை இக்காஸ்டில், தொழிற்சாலையில். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மட்டும் கொஞ்சம் தள்ளி, மாடும் மக்காச்சோளமும் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் குடியிருக்கிறேன். அதன் பெயரை எழுதவில்லை. பெயரைப் போட்டால் அங்கே இருக்கிற நாலு பேரும் கோபித்துக்கொள்வார்கள்.

2

இந்த நாட்டுக் கிராமங்களில் தண்ணீருக்கென்று ஒரு சங்கம் உண்டு. காட்டோரத்தில் ஒரு குழாய்க்கிணறு, அதன்மேல் சின்னதாகச் செங்கல் கட்டிடம், அதற்குள் பம்ப். ஊரார் எல்லோரும் அதில் பங்காளிகள். வருடத்தில் ஒருநாள் மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். கோப்பியும் கேக்கும் தருவார்கள். பிறகு தலைவர் எழுந்து, போன வருடம் தண்ணீர் வந்தது, இந்த வருடமும் வரும் என்று அறிக்கை வாசிப்பார். அதைக் கேட்க எல்லோரும் சுத்தமான சேட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

நான் முதன்முதலாகப் போன கூட்டத்தில், நிர்வாகசபைக்கு ஒருவர் தேவை என்று தலைவர் பிரெபென் அறிவித்தார். பிரெபென் பன்றிப் பண்ணை நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். அவர் அறிவித்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் கேக்கை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். அதுதான் இங்குள்ள முறை என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வந்தவன் வாய் திறக்காமல் எழும்பிப் போனால் கூட்டியவருக்கு அவமரியாதை. ஆகவே நான் எழுந்து நின்று மரியாதை செய்தேன். கிணறு யார் பேரில் இருக்கிறது, பங்கு எப்படிப் பிரித்திருக்கிறது, கிணற்றடிக்குப் போகும் பாதை உறுதியில் எழுதியிருக்கிறதா, நாளைக்கு யாராவது பாதையை மறித்தால் சங்கம் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

உங்களுக்கு இது புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவன் கூரையைப் பார்ப்பதற்கு முதல் பங்குக் கிணற்றையும் வழிவாய்க்கால் உரிமையையும் பார்ப்பான். அந்த ஒரு வரி இல்லாத உறுதியை யாரும் தொடமாட்டார்கள். அந்த ஒரு வரிக்காக அண்ணனும் தம்பியும் வழக்காடி, அப்புக்காத்துமார் மாடிவீடு கட்டினார்கள். ஆனால் டென்மார்க்கின் அந்த மண்டபத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. குழாய்க்கிணற்றுக்கான டேனிஷ் சொல் அவசரத்தில் வாயில் வராமல் வெறும் கிணறு என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெண்மணி தன் பூந்தோட்டத்தில் அழகுக்கு வைத்திருக்கிற கிணற்றைத்தான் சொல்கிறேன் என்று பயந்துபோனார். பிரெபென் மட்டும் கண்கலங்காத குறையாக என்னைப் பார்த்தார். நான் கதிரையில் திரும்ப உட்காருவதற்குள் ஏகமனதாகத் தெரிவாகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகள் நிலானியிடம் சொன்னேன். அவள் சில்க்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கோப்பன்ஹேகனில் போய்க் குடியேறும்வரை எங்கள் மேல்மாடியில் வாடகை இல்லாத விருந்தாளி. டேனிஷ்காரர் கூட்டத்தில் கேள்வி கேட்பது வேலை கேட்பதற்குச் சமம் என்று யாரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டுச் சம்பாஷணை அப்படித்தான் பல வருடமாக ஓடுகிறது.

பொறுப்பை நான் ஒழுங்காகவே செய்தேன். மாதத்துக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் மானியைப் பார்ப்பது, பம்ப் வீட்டைக் கூட்டுவது, தண்ணீர் மாதிரி எடுக்க வருகிற ஆய்வுகூட ஆளைக் கூட்டிக்கொண்டு போவது. அந்தக் காட்டுப் பாதையில் நடக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்த நாட்டில் எனக்கென்று ஒரு கிணற்றடி கிடைத்துவிட்டது என்று நினைப்பேன்.

3

அமெரிக்கப் படை இங்கே வந்து தங்குவதற்கான ஒப்பந்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, சில காலம் கழித்து எங்கள் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. தலைநகரிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். வெள்ளைச் சப்பாத்து, கையில் படம் காட்டுகிற கருவி. விருந்தாளிகள் நிரந்தரமாகத் தங்கப்போவதில்லை, வந்து வந்து போவார்கள் என்றார். அவர்களுக்குக் கட்டிடம் வேண்டும், களஞ்சியம் வேண்டும், ஆகவே தளத்தின் வேலி கொஞ்சம் வெளியே நகரும். வாடகை கிடையாது, ஏனென்றால் நண்பர்களிடம் வாடகை வாங்குவது அழகில்லை. அவர்களுடைய சிப்பாய் பிழை செய்தால் முதலில் அவர்களுடைய சட்டம்தான் பார்க்கும். தளம் தளமாகவே இருக்கும், உரிமை டென்மார்க்கிடமே இருக்கும்.

எனக்கு என் பெரிய மச்சான் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு கிழமை தங்கிப்போக வந்தவர், தன் பூட்டைக் கொண்டுவந்து எங்கள் அறைக்குப் போட்டுவிட்டு, வீடு உங்களுடையதுதான் என்று எங்களுக்கே அடிக்கடி ஆறுதல் சொல்லுவார்.

ஒரு பெரியவர் எழுந்து, இதே நண்பர்தானே கிறீன்லாந்தைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்கிறார் என்றார். அதிகாரி, அது வேறு விடயம், அதற்கு வேறு அலுவலகம் என்றார். செலவு எவ்வளவு, யார் கட்டுவது என்று இன்னொருவர் கேட்டார். அதற்கு வட்டமாக ஒரு படம் வந்தது, நாலு நிறத்தில். எந்த நிறம் யாருடையது என்று பார்ப்பதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அந்த வரைபடத்தில் புதிய வேலி சிவப்புக் கோடாக ஓடியது. எங்கள் பம்ப் வீடு அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

நான் எழுந்து கிணறு வேலிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அதிகாரி சிரித்துக்கொண்டு, தொழில்நுட்ப ரீதியாக உள்ளே, நடைமுறையில் ஒன்றும் மாறாது, முன்கூட்டியே அனுமதி பெற்ற ஒருவர் எப்போதும் போய்வரலாம், அத்தோடு இது தற்காலிகம் என்றார். மண்டபத்தில் நிம்மதியாகக் கோப்பி ஊற்றிக்கொண்டார்கள். தற்காலிகம் என்ற சொல்லை அவர்கள் தங்கள் நாட்டு அர்த்தத்தில் கேட்டார்கள். நான் எங்கள் ஊர் அர்த்தத்தில் கேட்டேன்.

இந்தத் தளத்தை முதலில் பெரிதாக்கியவன் ஜெர்மன்காரன், இரண்டாம் உலகப் போரில். அவன் போய்விட்டான், ஓடுபாதை போகவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பலாலியில் முதல் ஓடுபாதை போட்டவன் வெள்ளைக்காரன், அதே போரில். அவனுக்கு அது கடல் கடந்த தளம். அவனும் போய்விட்டான். அந்த ஓடுபாதைதான் பிறகு அகன்று அகன்று எங்கள் தோட்டம், பள்ளிக்கூடம், வீடு என்று ஒவ்வொன்றாக விழுங்கியது. விருந்தாளி போனாலும் அவனுக்குப் போட்ட பாய் சுருட்டப்படுவதில்லை. இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு டேனிஷ் போதவில்லை.

4

என் அக்கா இப்போது பலாலிப் பக்கம் இருக்கிறாள். கலியாணம் செய்யவில்லை. அம்மா அவளுக்கென்று எழுதிவைத்த வீடு பல வருடம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. பிறகு ஒருநாள், காணியை விடுகிறோம் என்று அறிவித்தார்கள். அக்கா உறவினர் வீட்டிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். அறிவிப்பு உண்மைதான், காணியை விட்டார்கள். காணியின் முன்பாதியை விட்டார்கள். முள்ளுக்கம்பி காணிக்கு நடுவால் போனது. வீடும் கிணறும் கம்பிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கிடைத்தது நாலு பனையும் ஒரு மதகும்.

அந்தப் பனைகளுக்குக் கீழே தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு அக்கா இருக்கிறாள். தண்ணீர் பவுசர் வண்டியில் வரும், வராத நாளும் உண்டு. கம்பிக்கு உள்ளே எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சிப்பாய்கள் கத்தரி வைத்திருக்கிறார்கள். மிஞ்சியதைத் தெருவோரக் கடையில் வைத்து விற்கிறார்கள். அக்கா அங்கே வாங்குகிறாள். நல்ல கத்தரிக்காய், எங்கள் மண் அப்படி என்று போனில் பெருமையாகச் சொன்னாள். தளங்களின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று உலகமெல்லாம் கணக்குப் பார்க்கிற அறிஞர்கள், அக்காவை ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது கிணற்றையும் வேலிக்குள் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே போனாலும் பரவாயில்லை, போய்வருகிற பாதையாவது என் காலுக்கு மிஞ்சவேண்டும் என்று நினைத்தேன். இதில் நியாயம் இல்லை என்று தெரியும். இது என்னுடைய கிணறும் இல்லை, ஊருக்குப் பொதுவானது. ஆனாலும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

5

டென்மார்க்கில் ஓர் அழகான பழக்கம் உண்டு. முடிவெடுத்த பிறகு எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்கள். எங்கள் சங்கமும் கருத்துச் சொல்லியது. வேலியை ஒரு வளைவு வளைத்தால் கிணறு வெளியே வந்துவிடும் என்று படம் கீறி அனுப்பினோம். கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது என்று நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த மாதம் வேலி வந்தது. மிக நேர்த்தியான வேலி, ஒரு வளைவும் இல்லை.

உள்ளே போய்வர ஒருவரின் பெயரைத் தரும்படி கேட்டார்கள். நிர்வாகசபை என் பெயரைக் கொடுத்தது. பிரெபென் தன் பெயரையும் உதவிக்குக் கொடுத்தார். அவருக்கு ஒரு கிழமைக்குள் அனுமதி வந்துவிட்டது. ஆனால் அவருக்கு அடுத்த மாதம் இடுப்பு மாற்றுகிற சத்திரசிகிச்சை, காட்டுப் பாதையில் நடக்கமுடியாது. என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மிகவும் மரியாதையாக நடத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மெல்லிய குரலில் பேசுகிற ஒரு பெண் அதிகாரி, மேசையில் கோப்பி. எங்கே பிறந்தேன், யார் யாரோடு தொடர்பு, எப்போது கடைசியாக ஊருக்குப் போனேன் என்று கேட்டார். பிறகு, எனக்கோ என் நெருங்கிய குடும்பத்துக்கோ வேறொரு நாட்டின் இராணுவ நிலையத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா என்றார்.

“உண்டு. அதற்குள் எங்கள் வீடு இருக்கிறது” என்றேன்.

அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நான் விளக்கினேன். விளக்க விளக்க விடயம் மோசமாகிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. உங்கள் சகோதரிக்கு அந்த நிலையத்தில் என்ன பொறுப்பு என்று கேட்டார். காணிச் சொந்தக்காரி என்றேன். குத்தகை ஒப்பந்தமா என்றார். இல்லை, கேட்காமல் எடுத்தது என்றேன். அந்த நிலையத்தோடு எவ்வளவு அடிக்கடி தொடர்பு கொள்கிறார் என்றார். தினமும் அதன் வேலியில்தான் உடுப்புக் காயப்போடுகிறாள் என்றேன். எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் பதிந்துகொண்டார். வாயை மூடிக்கொண்டு இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி அதிகாரபூர்வமாக ஒருவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை. என்னால் இல்லை என்று சொல்லமுடியவில்லை.

கிழமைகள் கழிந்து பதில் வந்தது. நெருங்கிய குடும்பத்துக்கு வெளிநாட்டு இராணுவப் பிரதேசம் ஒன்றோடு தொடர்பு இருப்பதால் என் விண்ணப்பம் மேலதிக ஆய்வுக்குப் போகிறதாம். எவ்வளவு காலம் என்று சொல்வதற்கில்லையாம். எங்கள் வீட்டை ஓர் இராணுவம் பிடித்துவைத்திருப்பதால் நான் இன்னோர் இராணுவத்துக்கு ஆபத்தானவனாகிவிட்டேன். நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

6

சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நிலானி கைபேசியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெயரைக் கொடுக்கச் சொன்னாள். மாதத்தில் ஒரு மணித்தியாலம்தானே, மானி பார்க்கத் தனக்கும் தெரியும் என்றாள். எங்கள் பேச்சில் எதையும் அவள் இப்படித் தன் தலையில் எடுத்துப் போட்டதில்லை. மனைவி அவளுக்கு இன்னுமொரு அகப்பை கறி ஊற்றினாள்.

அவளையும் கூப்பிட்டார்கள். சில நாளிலேயே அனுமதி அட்டை வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவள் வேலிக்கு உள்ளே போனாள். நான் வெளியே காரில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து, எல்லாம் சரி, பம்ப் வீட்டில் சிலந்திவலைதான் அதிகம் என்றாள். வாசலில் இருந்த சிப்பாய் நல்ல பெடியனாம், டெக்ஸாஸாம், மழை பற்றி முறைப்பட்டானாம்.

திரும்பி வரும்போது, உன்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்றேன். கேட்டார்கள் என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன்.

“இல்லை என்று சொன்னேன்” என்றாள், டேனிஷில், வீதியைப் பார்த்தபடி. “உண்மையும் அதுதானே அப்பா. நான் அந்த வீட்டைக் கண்டதே இல்லை. அது மாமியின் பேரில் இருக்கிறது. இவர்களுடைய சட்டத்தில் மாமி நெருங்கிய குடும்பத்துக்குள் வரமாட்டாள்.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அப்புக்காத்து வைத்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. எனக்காகத்தான் அதைச் செய்தாள் என்பதும் தெரியும். ஆனாலும் எனக்கு வலித்தது. அவள் பிறந்த செய்தி கேட்டு, இடம்பெயர்ந்திருந்த ஊரில் தண்ணீருக்கு நின்ற வரிசையில் எல்லோருக்கும் சீனி கொடுத்தவள் அந்த மாமி, என் அக்கா. வீடுவரைக்கும் அவள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிறு அக்காவோடு கதைத்தேன். மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவள் கிணற்றைப் பற்றி ஒவ்வொரு முறையும் விசாரிப்பாள். டென்மார்க் கிணறு வேலிக்குள் போனது அயலட்டை முழுக்கத் தெரியுமாம். சொன்னேன். எனக்கு அனுமதி கிடைக்காததை, நிலானிக்குக் கிடைத்ததை, அவள் என்ன சொல்லி உள்ளே போனாள் என்பதை எல்லாம் சொன்னேன். மாமி கணக்கில் இல்லை என்று அவள் சொன்னதையும் சொன்னேன்.

அக்கா கோபித்துவிடுவாளாக்கும் என்று நினைத்து, பிள்ளைக்கு விளங்கவில்லை, நான் விளங்கப்படுத்துகிறேன் என்றேன்.

“பிள்ளையைப் பேசாதை தம்பி” என்றாள். “அவள் செய்ததுதான் சரி. இஞ்சையும் காணிக்காரரை விடாங்கள். கூலிக்குப் புல்லு வெட்ட வாறவையை விடுறாங்கள். ஆரோ பெரியவர் வாறாரெண்டு துப்புரவாக்க ஆள் எடுத்தவங்கள். கொந்தராத்துக்காரனோடை நானும் போனனான்.”

நீ எதற்கு இந்த வயதில் புல் வெட்டப் போனாய் என்று சத்தம் போட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“எங்கட காணிப் பக்கம்தான் வெட்டக் குடுத்தவங்கள். கிணத்துக் கட்டு மேலை கொஞ்ச நேரம் இருந்தனான். வாளி ஒண்டு கிடந்தது, அள்ளிக் குடிச்சனான். அப்ப ஒரு ஆமிப் பெடியன் வந்து, ஆருடைய காணியம்மா இது, தெரியுமோ எண்டு கேட்டான். தெரியாது எண்டு சொன்னனான்.”